சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பின் வரும் வைரஸ் தொற்றுகள்: மருந்தைக் கூட்டுவதா, குறைப்பதா என்பதைப் பரிசோதனையே முடிவு செய்யும்

மாட்டுப்பட்டி (இடுக்கி): மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒருவரின் ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு உயர்கிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சிறுநீரும் வழக்கம்போல் பிரிகிறது. இந்த நிலைக்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் இரண்டு மிக முக்கியமானவை. ஒன்று, உடல் புதிய சிறுநீரகத்தை ஏற்க மறுப்பது. மற்றொன்று, வைரஸ் ஒன்று அந்தச் சிறுநீரகத்தை உள்ளிருந்து சிதைப்பது. முதலாவதற்கு நோயெதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும். இரண்டாவதற்கு அதே மருந்தைக் குறைக்க வேண்டும். ஒன்றை மற்றொன்றாகக் கருதி எடுக்கும் முடிவு, அரும்பாடுபட்டுக் கிடைத்த சிறுநீரகத்தை இழக்கச் செய்யலாம்.

மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு மருத்துவர்கள் மாதந்தோறும் ரத்தப் பரிசோதனையை வலியுறுத்துவதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆனால், மலைப்பகுதிகளில் வாழ்வோருக்கு அந்தப் பரிசோதனை எளிதில் எட்டக்கூடியதாக இல்லை.

மூணாறிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மாட்டுப்பட்டி, அணைக்கும் 1963-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய-சுவிஸ் கால்நடைத் திட்டத்துக்கும் பெயர்பெற்ற ஊர். இதைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வசித்து வருகின்றன. சிறுநீரக மாற்று சிகிச்சை நடைபெறும் அரசு மருத்துவமனையை நாட வேண்டுமெனில், ஒருபுறம் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரிக்குச் செல்ல வேண்டும். மறுபுறம் போடிமெட்டு, தேனி வழியாக மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரண்டுமே 100 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளன. ஒரு நாள் பரிசோதனை என்பது ஒரு நாள் கூலியை இழப்பதும் ஆகும். எனவே, எந்தப் பரிசோதனையை எதற்காகச் செய்கிறோம், எந்த அறிகுறி தென்பட்டால் காத்திருக்கக் கூடாது என்பதை நோயாளியும் குடும்பத்தினரும் அறிந்திருப்பது அவசியம்.

மருந்து ஏன் நிறுத்தப்படுவதில்லை?

உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை, 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசஃப் முர்ரே தலைமையில் நடைபெற்றது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒத்த இரட்டையர்கள் என்பதால் உடல் அந்த உறுப்பை அந்நியமாகக் கருதவில்லை. இந்தியாவில் 1971-ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் முதல் வெற்றிகரமான சிகிச்சை நடைபெற்றது. நாட்டில் 2013-ஆம் ஆண்டில் 5,000-க்கும் குறைவாக இருந்த உறுப்பு மாற்று சிகிச்சைகளின் எண்ணிக்கை, 2023-ஆம் ஆண்டில் 18,378 ஆக உயர்ந்தது. இவற்றில் பெரும்பான்மையானவை சிறுநீரக மாற்று சிகிச்சைகளே.

ஒத்த இரட்டையர் அல்லாத எவருடைய சிறுநீரகத்தையும், அது தாயுடையதாக இருப்பினும், உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் அந்நியப் பொருளாகவே கருதித் தாக்கும். அதைத் தடுக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட், பிரெட்னிசோலோன் ஆகிய மூன்று மருந்துகள் பெரும்பாலான நோயாளிகளுக்கு வழங்கப்படுகின்றன. மாற்றுச் சிறுநீரகம் செயல்படும் காலம் வரை நோயெதிர்ப்பு ஒடுக்க மருந்துகள் தொடர வேண்டும்.

இம்மருந்துகள் குறிப்பாக டி-செல்கள் எனப்படும் வெள்ளணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்துகின்றன. உறுப்பை நிராகரிப்பதில் முன்னிற்பவை இச்செல்கள்தாம். உடலில் உறங்கும் வைரஸ்களை அடக்கி வைத்திருப்பவையும் இவையே. எனவே, நிராகரிப்பைத் தடுக்கும் மருந்து, வைரஸ்களின் மீதான காவலையும் தளர்த்திவிடுகிறது.

மாற்று சிகிச்சை பெற்றவர்களைத் தாக்கும் வைரஸ்களில் பல வெளியிலிருந்து புதிதாக வருபவை அல்ல. சிறுவயதில் சாதாரணக் காய்ச்சலாக வந்து சென்று, உடலின் ஏதோ ஒரு பகுதியில் பல்லாண்டுகள் அமைதியாகத் தங்கியிருப்பவை. சில வைரஸ்கள் கொடையாளரின் சிறுநீரகத்துடனேயே வருகின்றன.

மூன்று காலகட்டங்கள்

தொற்றுகள் எந்தக் காலத்தில் வரக்கூடும் என்பதற்கு மருத்துவ உலகம் ஒரு கால அட்டவணையைப் பின்பற்றுகிறது. பாஸ்டனைச் சேர்ந்த தொற்றுநோய் நிபுணர் ஜே ஃபிஷ்மன் விளக்கிய இந்த அட்டவணை உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது.

முதல் மாதத்தில் அறுவை சிகிச்சைக் காயம், சிறுநீர்க் குழாய், மருத்துவமனைச் சூழல் ஆகியவை தொடர்பான பாக்டீரியா தொற்றுகளே அதிகம். வைரஸ்களில், உதட்டோரக் கொப்புளங்களை உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் இக்காலத்தில் தலைகாட்டலாம்.

இரண்டாவது மாதம் முதல் ஆறாவது மாதம் வரையிலான காலமே வைரஸ் தொற்றுகளுக்கு மிகவும் இடமளிப்பது. மருந்துகளின் அளவு உச்சத்தில் இருக்கும் இக்காலத்தில் சைட்டோமெகலோ வைரஸ், பி.கே. வைரஸ் ஆகியவை விழித்தெழுகின்றன. இந்தியாவில் காசநோயும் கவனத்தில் கொள்ளப்பட வேண்டியது.

ஆறு மாதங்களுக்குப் பிறகு மருந்தின் அளவு குறைக்கப்படும்போது, ஊரில் பரவும் இன்ஃபுளுவென்சா, டெங்கு போன்றவை முக்கிய அச்சுறுத்தலாகின்றன. அக்கி, மருக்கள், சில வகைப் புற்றுநோய்களுக்கு வழிவகுக்கும் வைரஸ்கள் ஆகியவையும் பிற்காலத்தில் தோன்றலாம். நிராகரிப்புக்காக மருந்தின் அளவு மீண்டும் கூட்டப்பட்டால், இந்த அட்டவணை முதலிலிருந்து தொடங்கியதாகக் கருதிக் கண்காணிக்க வேண்டும்.

சைட்டோமெகலோ வைரஸ்: காய்ச்சலும் வயிற்றுப்போக்கும்

சுருக்கமாக சி.எம்.வி. எனப்படும் இந்த வைரஸ், இந்தியாவில் பெரும்பாலான பெரியவர்களின் உடலில் ஏற்கெனவே தங்கியுள்ளது. நலமாக உள்ளவர்களுக்கு இதனால் தொல்லை ஏதும் ஏற்படுவதில்லை. மாற்று சிகிச்சை பெற்றவர்களிடம் விழித்தெழும்போது காய்ச்சல், கடும் சோர்வு, வெள்ளணுக்களின் எண்ணிக்கை குறைதல் ஆகியவை முதலில் தோன்றும். பின்னர் குடலைத் தாக்கினால் வயிற்றுப்போக்கும், நுரையீரலைத் தாக்கினால் மூச்சுத்திணறலும், கல்லீரலைத் தாக்கினால் அதன் நொதிகள் உயர்தலும் ஏற்படும். இந்த வைரஸ், உறுப்பு நிராகரிப்புக்கான வாய்ப்பையும் அதிகரிக்கிறது.

கொடையாளரிடம் சி.எம்.வி. இருந்து, பெறுபவரின் உடல் அதை முன்பு சந்தித்திராவிட்டால் ஆபத்து மிக அதிகம். பெரும்பாலும் சிறார்களும் இளவயதினரும் இந்நிலையில் இருக்கக்கூடும். ஆன்டிதைமோசைட் குளோபுலின் என்னும் வீரியமிக்க ஊசி மருந்து பெற்றவர்களுக்கும் ஆபத்து கூடுதலாகும்.

இந்த வைரஸுக்கு மருந்து உண்டு. தடுப்பு நடவடிக்கையாக வால்கான்சிக்ளோவிர் மாத்திரை குறைந்தது மூன்று மாதங்களுக்கு வழங்கப்படுகிறது. அதிக ஆபத்துள்ளவர்களுக்கு இது ஆறு மாதங்களுக்கு மேலும் நீட்டிக்கப்படும். மற்றொரு முறையில், தடுப்பு மாத்திரை தராமல், குறிப்பிட்ட இடைவெளிகளில் ரத்தத்தில் வைரஸின் அளவை பி.சி.ஆர். முறையில் பரிசோதித்து, உயரத் தொடங்கியவுடன் சிகிச்சை அளிக்கப்படுகிறது. இரண்டாவது முறை, பரிசோதனைக் கூடத்துக்குத் தவறாமல் வந்துசெல்ல இயலும் நோயாளிகளுக்கே பொருந்தும். தொலைவிலுள்ள மலைக்கிராமத்தில் வசிப்பவர் தம் இருப்பிடத்தையும் பயண வசதியையும் சிகிச்சையின் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டியதற்கு இது ஒரு காரணமாகும்.

வால்கான்சிக்ளோவிர், மைக்கோஃபெனோலேட் ஆகிய இரண்டுமே வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடியவை. எனவே, தடுப்பு மாத்திரை உட்கொள்ளும் காலத்தில் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். மாத்திரை நிறுத்தப்பட்ட பின் வரும் மாதங்களில் சி.எம்.வி. தாமதமாகத் தோன்றுவதும் உண்டு. மாத்திரை முடிந்துவிட்டதால் ஆபத்தும் முடிந்துவிட்டதாகக் கருதக் கூடாது. மருந்துகளுக்குக் கட்டுப்படாத சி.எம்.வி. தொற்றுக்கு மாரிபாவிர் என்னும் புதிய மருந்தை 2021-ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது.

பி.கே. வைரஸ்: அறிகுறி இல்லாத சேதம்

இந்த வைரஸின் பெயர் ஒரு நோயாளியின் பெயரின் முதல் எழுத்துகளிலிருந்து வந்தது. சூடானைச் சேர்ந்த அவர் சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றிருந்தார். சிறுநீர்க் குழாயில் அடைப்பு ஏற்பட்டதையடுத்து, லண்டனில் அவருடைய சிறுநீர் பரிசோதிக்கப்பட்டது. அதில் அதுவரை அறியப்படாத வைரஸ் ஒன்று இருப்பதை சில்வியா கார்ட்னரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்து, 1971-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டனர்.

உலகின் பெரும்பாலான மக்கள் சிறுவயதிலேயே இந்த வைரஸைப் பெற்றுவிடுகின்றனர். அது சிறுநீரகத்திலும் சிறுநீர்ப் பாதையிலும் வாழ்நாள் முழுதும் தங்கிவிடுகிறது. 1990-களில் டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட் போன்ற வீரியமிக்க மருந்துகள் புழக்கத்துக்கு வந்தன. நிராகரிப்பு வெகுவாகக் குறைந்தது. அதே காலத்தில் பி.கே. வைரஸால் சிறுநீரகம் சிதையும் நிகழ்வுகள் அதிக அளவில் பதிவாகத் தொடங்கின.

இந்த வைரஸ் பெருகும் விதத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் சிறுநீரில் தென்படுகிறது. சில வாரங்களில் ரத்தத்தில் காணப்படுகிறது. அதன் பிறகே சிறுநீரகத் திசு சேதமடைகிறது. சேதம் கணிசமான பின்னரே கிரியேட்டினின் உயர்கிறது. அதாவது, கிரியேட்டினின் பரிசோதனையை மட்டும் நம்பியிருப்பவருக்கு இந்நோய் தாமதமாகவே தெரியவரும். வைரஸ் ரத்தத்தில் நுழையும் கட்டத்திலேயே பி.சி.ஆர். பரிசோதனை அதைக் காட்டிவிடும். சிறுநீரகத்தைக் காப்பாற்றப் போதிய அவகாசம் கிடைப்பது அந்தக் கட்டத்தில்தான்.

இதன் பொருட்டு, 2009-ஆம் ஆண்டு வெளியான கே.டி.ஐ.ஜி.ஓ. என்னும் சர்வதேச சிறுநீரக மருத்துவ வழிகாட்டி, முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை மாதம் ஒருமுறையும், பின்னர் முதலாண்டு நிறைவடையும் வரை மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் பி.கே. வைரஸ் பரிசோதனை செய்யப் பரிந்துரைத்தது. பிந்தைய வழிகாட்டிகள் ஒன்பதாவது மாதம் வரை மாதந்தோறும், பின்னர் இரண்டாம் ஆண்டு நிறைவு வரை மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் எனக் கண்காணிப்பை நீட்டித்துள்ளன. இவை தவிர, காரணமின்றிக் கிரியேட்டினின் உயரும் எந்த நேரத்திலும், நிராகரிப்புக்குச் சிகிச்சை அளிக்கப்பட்ட பின்னரும் இப்பரிசோதனை தேவைப்படுகிறது.

பி.கே. வைரஸை நேரடியாக அழிக்கும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. லெவோஃப்ளாக்சசின் என்னும் ஆன்டிபயாட்டிக் உதவக்கூடும் என ஒரு காலத்தில் கருதப்பட்டது. கனடாவில் நடைபெற்ற ஆய்வு, அம்மருந்து இந்த வைரஸைத் தடுக்கவில்லை என்பதை 2014-ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தியது. நோயெதிர்ப்பு ஒடுக்க மருந்துகளின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, உடலின் சொந்த எதிர்ப்பாற்றலைச் சற்றே மீளச்செய்வதுதான் தற்போதைய சிகிச்சை.

இந்தச் சிகிச்சையிலும் ஆபத்து உண்டு. மருந்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் நிராகரிப்பு தொடங்கிவிடும். போதிய அளவு குறைக்காவிட்டால் வைரஸ் தொடர்ந்து பெருகும். எனவே, மருந்தைக் குறைக்கும் காலத்தில் கிரியேட்டினின் அளவும் வைரஸின் அளவும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பரிசோதிக்கப்படுகின்றன. ஐயம் ஏற்பட்டால், மாற்றுச் சிறுநீரகத்திலிருந்து ஊசி மூலம் சிறு துணுக்கு எடுத்துப் பயாப்சி செய்யப்படுகிறது. நுண்ணோக்கியில் வைரஸ் தொற்றிய செல்களும் நிராகரிப்பின் அடையாளங்களும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும் என்பதால், வைரஸை வேறுபடுத்திக் காட்டும் தனிச் சாயமேற்றும் முறையும் கையாளப்படுகிறது.

இக்காரணங்களால், கிரியேட்டினின் உயர்ந்த செய்தி கேட்டு நோயாளி தாமாகவே மாத்திரையைக் கூட்டுவதும், வைரஸ் இருப்பதாக அறிந்து தாமாகவே நிறுத்துவதும் சம அளவில் ஆபத்தானவை.

சின்னம்மையும் அக்கியும்

சின்னம்மையை உண்டாக்கும் வைரஸே, பல்லாண்டுகள் நரம்பு வேர்களில் உறங்கியிருந்து பின்னர் அக்கியாக வெளிப்படுகிறது. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டைபோலக் கொப்புளங்களும் எரிச்சலும் தோன்றுவது அக்கியின் அடையாளம். தொடக்கத்திலேயே அசைக்ளோவிர் வகை மருந்துகளைத் தந்தால் கட்டுப்படுத்தலாம். கண்ணைச் சுற்றித் தோன்றும் அக்கி, பார்வையைப் பாதிக்கக்கூடும் என்பதால் உடனடி சிகிச்சை தேவைப்படுவது.

சின்னம்மையை முன்பு கண்டிராத ஒருவர், மாற்று சிகிச்சைக்குப் பின் அதற்கு ஆளானால் நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். தமிழகத்திலும் தோட்டப் பகுதிகளிலும் அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை வைத்து, நோயாளிக்கு மருந்து தராமல் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை காத்திருக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உள்ளது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரைப் பொறுத்தவரை இந்தக் காத்திருப்பு கூடாது. முதல் கொப்புளம் தோன்றிய அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வீட்டிலோ லயன் குடியிருப்பின் அடுத்த வீட்டிலோ ஒரு குழந்தைக்குச் சின்னம்மை கண்டால், கொப்புளம் வரும்வரை பொறுத்திராமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். நோயெதிர்ப்பில்லாதவர், நோயாளியுடன் தொடர்பு ஏற்பட்ட 10 நாட்களுக்குள் தடுப்புப் புரத ஊசி பெற இயலும். எவ்வளவு விரைவாகச் செலுத்தப்படுகிறதோ அவ்வளவு பயன் தரும்.

டயாலிசிஸ் காலத்தில் தொற்றும் ஹெபடைட்டிஸ்

ரத்தத்தின் வழியாகப் பரவும் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி ஆகியவை பலருக்கு டயாலிசிஸ் செய்துகொள்ளும் காலத்திலேயே தொற்றிவிடுகின்றன. மாற்று சிகிச்சைக்குப் பிறகு நோயெதிர்ப்பு குறையும்போது, அடங்கியிருந்த ஹெபடைட்டிஸ் பி மீண்டும் பெருகிக் கல்லீரலைச் செயலிழக்கச் செய்யலாம். இதைத் தடுக்க என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் வகை மருந்துகள் நீண்டகாலம் தொடரப்படுகின்றன.

ஹெபடைட்டிஸ் சி சிகிச்சை கடந்த பத்தாண்டுகளில் முற்றிலும் மாறியுள்ளது. சோஃபோஸ்புவிர் உள்ளிட்ட நேரடி வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளைப் பொதுவாக 12 வாரங்கள் உட்கொண்டால் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமடைகின்றனர். முன்பு பயன்படுத்தப்பட்ட இன்டர்ஃபெரான் ஊசி, மாற்றுச் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தூண்டும் ஆபத்துடையதாக இருந்தது. புதிய மாத்திரைகளில் அந்த ஆபத்து இல்லை.

டெங்கு, இன்ஃபுளுவென்சா, கொரோனா

மழைக்காலத்தில் கேரளத்திலும் தமிழக எல்லை மாவட்டங்களிலும் டெங்கு பரவுவது வழக்கம். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு டெங்கு வந்தால் தட்டணுக்கள் குறைவதுடன் சிறுநீரகத்தின் செயல்பாடும் தற்காலிகமாகப் பாதிக்கப்படலாம். காய்ச்சல் தணிய பாராசிட்டமால் மட்டுமே பாதுகாப்பானது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகள் ரத்தக் கசிவை அதிகரிக்கலாம், சிறுநீரகத்தையும் பாதிக்கும். எலிக்காய்ச்சலும் இதே காலத்தில் பரவுவதால், காய்ச்சலின் காரணத்தைப் பரிசோதித்து உறுதிசெய்வது அவசியம். எலிக்காய்ச்சல் பாக்டீரியாவால் வருவது. அதற்கான சிகிச்சை வேறு.

கொரோனா பெருந்தொற்றுக் காலம், மாற்று சிகிச்சை பெற்றவர்கள் எவ்வளவு பலவீனமான நிலையில் உள்ளனர் என்பதை வெளிப்படுத்தியது. பொது மக்களைவிட இவர்களிடம் உயிரிழப்பு பன்மடங்கு அதிகமாக இருந்தது. தடுப்பூசி செலுத்திய பின் உருவாகும் எதிர்ப்புப் புரதங்களும் குறைவாகவே இருந்தன. கொரோனாவுக்கு வழங்கப்படும் ரிடோனாவிர் கலந்த மாத்திரை, ரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவை அபாயகரமாக உயர்த்தக்கூடியது. எனவே, சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் அம்மருந்தை உட்கொள்ளக் கூடாது.

உறுப்புடன் வரும் வைரஸ்

அரிதாக, கொடையாளரின் உறுப்பின் வழியாகவே கொடிய வைரஸ் பரவிய நிகழ்வுகளும் உண்டு. 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவில், மூளைச்சாவு அடைந்த ஒருவரிடமிருந்து சிறுநீரகங்களும் கல்லீரலும் ரத்தக்குழாயும் பெற்ற நால்வர் வெறிநாய்க்கடி நோய் எனப்படும் ரேபிஸால் உயிரிழந்தனர். கொடையாளரை வௌவால் கடித்திருந்தது பின்னரே தெரியவந்தது. இத்தகைய நிகழ்வுகளின் படிப்பினையாக, காரணம் கண்டறியப்படாத மூளைக்காய்ச்சலால் இறந்தவரின் உறுப்புகள் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன. உயிருள்ள கொடையாளர்களுக்கு எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சி.எம்.வி. ஆகிய பரிசோதனைகள் செய்யப்படுகின்றன. அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாட்களில் காய்ச்சல் இருந்திருந்தால், கொடையாளர் அதை மறைக்காமல் கூற வேண்டும். டெங்குவும் இவ்வழியில் பரவியுள்ளது.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரை நாய் கடித்தால், ரத்தம் வராத சிறு கீறலாக இருப்பினும் தடுப்பூசியுடன் ரேபிஸ் இம்யூனோகுளோபுலினும் செலுத்த வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. சிகிச்சைக்குச் செல்லும் ஆரம்ப சுகாதார நிலையத்தில், தாம் மாற்று சிகிச்சை பெற்றவர் என்பதை நோயாளி முதலிலேயே கூற வேண்டும்.

புற்றுநோய்க்கு வழிவகுக்கும் வைரஸ்கள்

எப்ஸ்டைன்-பார் வைரஸ், நோயெதிர்ப்பு குறைந்த உடலில் நிணநீர்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய பகுதிகளில் கட்டிகள், நீடிக்கும் காய்ச்சல், உடல் எடை குறைதல் ஆகியவை இதன் அறிகுறிகள். இந்த வைரஸை முன்பு சந்தித்திராத சிறார்களுக்கு இந்த ஆபத்து அதிகம். தொடக்கத்தில் கண்டறிந்தால், நோயெதிர்ப்பு ஒடுக்க மருந்தைக் குறைப்பதன் மூலமே சிலருக்குக் கட்டி சுருங்குகிறது.

மனித பாப்பிலோமா வைரஸ், மருக்களையும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயையும் உண்டாக்குவது. மாற்று சிகிச்சை பெற்ற பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை மற்றவர்களைவிடக் குறுகிய இடைவெளியில் செய்துகொள்ள வேண்டும்.

தடுப்பூசி: அறுவை சிகிச்சைக்கு முன்பே

தடுப்பூசிகளுக்கு உகந்த காலம் மாற்று சிகிச்சைக்கு முந்தையது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி டயாலிசிஸ் நோயாளிகளுக்கு வழக்கத்தைவிட இருமடங்கு அளவில் செலுத்தப்படுகிறது. சின்னம்மை, தட்டம்மை தடுப்பூசிகள் உயிருள்ள வைரஸைக் கொண்டவை என்பதால், அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே முடிக்கப்பட வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு உயிருள்ள வைரஸ் தடுப்பூசிகள் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன. வாய்வழிப் போலியோ சொட்டு மருந்தும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் இப்பட்டியலில் அடங்கும்.

செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸைக் கொண்ட இன்ஃபுளுவென்சா தடுப்பூசியை ஆண்டுதோறும் செலுத்திக்கொள்ளலாம். அக்கிக்கான உயிரற்ற வகைத் தடுப்பூசி 2023-ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் கிடைக்கிறது. குடும்பத்தினர் தங்களுக்குரிய தடுப்பூசிகளைச் செலுத்திக்கொள்வது நோயாளிக்கும் பாதுகாப்பாகும். வீட்டிலுள்ள குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப்படவிருந்தால் முன்கூட்டியே மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும்.

மருந்துக் கடையில் கவனம்

டாக்ரோலிமஸின் அளவு ரத்தத்தில் குறுகிய வரம்புக்குள் இருக்க வேண்டும். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளும் பூஞ்சைக்கான சில மருந்துகளும் அதன் அளவை உயர்த்துகின்றன. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதைக் குறைக்கிறது. பம்பிளிமாஸ் பழமும் அளவை உயர்த்தக்கூடியது. கடுமையான வயிற்றுப்போக்கின்போதும் இதன் அளவு உயரலாம். உட்பொருள் தெரியாத நாட்டு மருந்துகளையும் எதிர்ப்பாற்றலைக் கூட்டும் என விற்கப்படும் பொடிகளையும் தவிர்க்க வேண்டும்.

டாக்ரோலிமஸ் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் நாளில், காலை மாத்திரையை ரத்தம் எடுத்த பின்னரே உட்கொள்ள வேண்டும். மலையிலிருந்து அதிகாலையில் புறப்படுவோர் மாத்திரையைக் கையில் எடுத்துச் செல்லலாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

கீழ்க்கண்டவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவமனையைத் தொடர்புகொள்ள வேண்டும்:

* 38 டிகிரி செல்சியஸ் அல்லது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேற்பட்ட காய்ச்சல்
* மாத்திரைகள் வெளியேறிவிடும் அளவுக்கு வாந்தி அல்லது நீடிக்கும் வயிற்றுப்போக்கு
* மூச்சுத்திணறல், வறட்டு இருமல்
* கொப்புளங்கள், தோலில் புதிய தடிப்புகள்
* சிறுநீரின் அளவு குறைதல், சிறுநீரில் ரத்தம்
* மஞ்சள் காமாலை
* பார்வை மங்குதல், குழப்பமான பேச்சு
* மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்ட இடத்தில் வலி அல்லது வீக்கம்

நோயெதிர்ப்பு ஒடுக்க மருந்து உட்கொள்வோரிடம் காய்ச்சல் லேசாகவே தோன்றலாம் அல்லது தோன்றாமலே போகலாம். காய்ச்சல் இல்லை என்பதால் தொற்று இல்லை என முடிவு செய்ய இயலாது.

அருகிலுள்ள தோட்ட மருத்துவமனையிலோ தாலுகா மருத்துவமனையிலோ முதலுதவி பெறும்போது உதவும் வகையில், மாற்று சிகிச்சை நடைபெற்ற நாள், உட்கொள்ளும் மருந்துகளின் பெயர் மற்றும் அளவு, கடைசி மூன்று கிரியேட்டினின் முடிவுகள், கடைசி பி.கே. மற்றும் சி.எம்.வி. பரிசோதனை நாட்கள், மாற்று சிகிச்சை மருத்துவமனையின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி வைத்திருப்பது நல்லது. மண்சரிவாலும் கனமழையாலும் மலைப்பாதைகள் மூடப்படும் பருவத்தில், குறைந்தது இரண்டு வாரங்களுக்கான மருந்தைக் கூடுதலாகக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும்.

நிதியுதவி

கேரளத்தில் காருண்யா ஆரோக்ய சுரக்ஷா திட்டம் மருத்துவக் காப்பீடு வழங்குகிறது. காருண்யா மருந்தகங்களில் மருந்துகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள சிறுநீரக நோயாளிகளுக்குக் கேரள சமூகப் பாதுகாப்பு இயக்கத்தின் சமாஸ்வாசம் திட்டத்தின்கீழ் மாதாந்திர உதவித்தொகை உண்டு. தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிறுநீரக மாற்று சிகிச்சையை உள்ளடக்கியது. தமிழகத் திட்டத்தில் சேர அம்மாநிலக் குடும்ப அட்டை தேவை. எனவே, எல்லையோரக் குடும்பங்கள் எந்த மாநிலத்தில் சிகிச்சை பெறுவது என்பதை முடிவு செய்யும் முன், தங்கள் குடும்ப அட்டைக்குரிய திட்டம் எது என்பதையும், வைரஸ் பரிசோதனைகளும் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மருந்துகளும் அதில் அடங்குமா என்பதையும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டறிய வேண்டும்.